யாரிடம் போய் நிற்பது?

ஜனங்களுக்கு விஞ்ஞானத்தின் மேலும் வைத்தியத்தின் மேலும் இருந்த நம்பிக்கை தேய்ந்துகொண்டே வருகிறது என்று ஒரு பேச்சு இப்போது படித்தவர்கள் கூடும் இடங்களில் எல்லாம் அடிபடுகிறது. டாக்டர் சொன்னால் கேட்பதில்லை, தடுப்பூசி என்றால் ஓடுகிறார்கள், கைப்பேசியில் வந்த வதந்தியை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள் என்று வருத்தப்படுகிறார்கள். வருத்தம் நியாயமானதுதான். ஆனால் வழக்கு விசாரணைக்கு வருமுன்பே குற்றவாளி யார் என்று அதிலே தீர்ப்பாகிவிடுகிறது. குற்றவாளி ஜனங்கள், அவர்களுடைய அறியாமை. இந்தத் தீர்ப்பை அப்படியே ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நான் விஞ்ஞானம் படித்தவன் அல்ல. என் படிப்பு பட்டம் வரைக்கும் போகவில்லை. கதை எழுதுகிறவன். மனிதர்கள் எதை நம்புகிறார்கள், ஏன் நம்புகிறார்கள் என்று கவனிப்பது என் தொழிலில் ஒரு பகுதி. பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகும் பஸ்ஸில் பல வருஷங்களாகப் போய் வந்துகொண்டிருக்கிறேன். ஏரிக்கரையிலும் கடற்கரையிலும் உள்ள குப்பங்களில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். அங்கே கண்டதையும் கேட்டதையும் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில், தேய்ந்துபோவதற்கு முன்னால் அந்த நம்பிக்கை முழு நிலவாக இருந்த காலம் எது? நம் பாட்டன் காலத்தில் அம்மை குத்துகிறவர் ஊருக்குள் நுழைந்தால் குழந்தைகளை நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். மாரியம்மன் கோபித்துக்கொள்வாள் என்ற பயம் ஒரு பக்கம். சர்க்கார் ஆள் மேல் பயம் இன்னொரு பக்கம். அப்படியும் 1975-க்குப் பிறகு இந்த நாட்டில் பெரியம்மை இல்லாமல் போயிற்று. ஜனங்கள் ஒருநாள் விடிந்ததும் விஞ்ஞானிகளாக மாறிவிட்டார்களா? இல்லை. வீடு வீடாக, திரும்பத் திரும்ப, ஆட்கள் போனார்கள்.

பழவேற்காட்டு மீனவர் விஞ்ஞானத்துக்கு விரோதி என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவில் கிடக்கும் நீண்ட தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் நாளில் அந்தப் பக்கத்துக் கடலுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு வரும். ஒரு நாள் வருமானம் போகும். முணுமுணுத்துக்கொண்டே வலையைக் கரையில் போட்டுவிட்டு, குழந்தை குட்டிகளோடு நின்று வானத்தைப் பார்ப்பார்கள். காற்று எச்சரிக்கை வந்தால் படகை மேலே இழுத்துக் கட்டுகிறார்கள். செயற்கைக்கோள் வழி காட்டும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு கடலில் திசை பார்க்கிறார்கள். எது தங்கள் உயிரையும் தொழிலையும் காப்பாற்றுகிறது என்று அவர்களுக்கு யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி-3 என்ற ராக்கெட் முதல் முறையாகக் கிளம்பியது. சில நிமிஷங்களில் வங்காள விரிகுடாவில் விழுந்தது. அன்று பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து, தோல்விக்குத் தாமே பொறுப்பு என்று சொன்னவர் விண்வெளித் துறையின் தலைவர் சதீஷ் தவான். அந்தத் திட்டத்தின் இயக்குநராக இருந்த அப்துல் கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் இதைச் சொல்லி நெகிழ்ந்திருக்கிறார். அடுத்த வருஷம் ஜூலை 18-ஆம் தேதி அதே ராக்கெட் வெற்றி பெற்றது. குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் அந்த முதல் ராக்கெட்டைப் பற்றிக் கேட்டேன். “வுழுந்துச்சு. வுழுந்துச்சுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. அப்புறம் இன்னா? வலை அறுந்தா தெச்சுக்கறதில்லையா?” என்றார். அவ்வளவுதான். ராக்கெட் விழுந்ததனால் அவருக்கு ராக்கெட்டின் மேல் நம்பிக்கை விழவில்லை.

இதே மாவட்டத்தில் ஏறக்குறைய அதே சமயத்தில் விஞ்ஞானத்துக்கு இன்னொரு தோல்வி ஏற்பட்டது. அதன் கதை வேறு மாதிரி.

க்ஷயரோகத்துக்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியைச் சென்னைக் கிண்டியில் 1948-லிருந்து தயாரித்தார்கள். நாடு முழுவதும் போட்டார்கள். 1955-ல் ராஜாஜி இதை எதிர்த்துப் பகிரங்கமாக எழுதினார். பலன் நிச்சயமாகாத ஒன்றை இத்தனை குழந்தைகளின் உடம்பில் ஏற்றலாமா என்பது அவர் கேள்விகளில் ஒன்று. படித்தவர்கள் பலர் அவரைப் பிற்போக்குவாதி என்றார்கள். பிறகு 1968-ல், அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவில், பொன்னேரிக்கு மேற்கேயுள்ள திருவள்ளூர் வட்டாரத்தில், அந்தக் கேள்விக்கு விடை காணப் பெரிய சோதனை ஒன்று தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தியது. சுமார் மூன்றரை லட்சம் ஜனங்கள் வாழ்ந்த கிராமங்கள். சிலருக்கு நிஜ ஊசி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஏழரை வருஷம் கவனித்து வெளியிட்ட முடிவு உலகத்தையே திடுக்கிட வைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லை.

ராஜாஜி சொன்னது எல்லாம் சரி என்று இதனால் ஆகிவிடாது. பச்சைக் குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் கடுமையான க்ஷயத்திலிருந்து அந்த ஊசி பாதுகாப்புத் தருகிறது. அதனால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. எதிர்பார்த்தது பொய்த்தது என்று தாமே சோதித்து, தாமே வெளியிட்டார்கள் அல்லவா? விஞ்ஞானத்தை நம்புவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? ஆனால் அந்த நேர்மை யாருக்குத் தெரியும்? ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் இங்கிலீஷில் அது இருக்கிறது. திருவள்ளூர்ப் பக்கத்தில் கையில் ஊசித் தழும்போடு இருக்கும் முதியவர்கள் சிலரிடம் கேட்டேன். “எதுக்கோ போட்டாங்கப்பா” என்கிறார்கள். கையைக் கொடுத்தவர்களின் காதுக்கு முடிவு வந்து சேரவில்லை. ராக்கெட்டின் தோல்வி ஊரறிய நடந்தது; ஊசியின் தோல்வி உலகறிய நடந்தது, ஊருக்கு மட்டும் தெரியாமல்.

இனி 2008-க்கு வருகிறேன். அந்த வருஷம் ஏப்ரல் மாதம் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட சற்று நேரத்துக்குள் நான்கு குழந்தைகள் இறந்துபோயின. நான்கு வீடுகளின் துக்கம் மாவட்டம் முழுவதும் பரவியது. சர்க்கார் பயந்தது, பயந்ததில் தவறில்லை. இனி டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் ஊசி, கிராமத்துக்குள் போய்ப் போடக் கூடாது என்று ஏற்பாடு செய்தார்கள். காகிதத்தில் பார்த்தால் மிகவும் பத்திரமான ஏற்பாடு.

அடுத்த வருஷம் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில், நண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்த ஓர் ஆயாவிடம் பேசினேன். பக்கத்தில் பேத்தி விளையாடிக்கொண்டிருந்தது. ஒரு வயசு தாண்டியிருக்கும். தட்டம்மை ஊசி போட்டாயிற்றா என்று கேட்டேன். போடவில்லை.

“பயமா ஆயா?” என்றேன்.

“ஊசி மேல இன்னா பயம் தம்பி? எம் புள்ளைங்களுக்கெல்லாம் போட்டேனே. நர்ஸம்மா வூட்டாண்ட வந்து போடும். ராத்திரி ஜொரம் வந்தா அது வூட்டுக் கதவப் போய்த் தட்டுவேன். திட்டிக்கினே வரும். இப்போ எங்கியோ போய்ப் போட்டுக்கினு வரச் சொல்றாங்க. அங்க யாரு, இன்னா, ஒண்ணும் தெரியாது. புள்ளைக்கு ஏதுனா ஆச்சுன்னா யாராண்ட போய் நிக்கிறது?”

நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை.

மறுபடியும் மறுபடியும் அந்த வாக்கியத்தை நினைத்துப் பார்க்கிறேன். அதில் மூடநம்பிக்கை எங்கே இருக்கிறது? மருந்தில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. தப்பு நடக்கவே கூடாது என்றும் அவள் கேட்கவில்லை; கடலுக்குப் புருஷனை அனுப்புகிறவளுக்கு அது தெரியாதா? தப்பு நடந்தால் பதில் சொல்ல ஒரு முகம் வேண்டும் என்று கேட்கிறாள். பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். முறை தவறினவன் ஊர்ப் பஞ்சாயத்தில் வந்து நிற்க வேண்டும். நின்று பதில் சொல்ல வேண்டும். ஊரின் நம்பிக்கை அந்த நிற்பதில் இருக்கிறது. அதே ஒழுங்கைத்தான் அவள் வைத்தியத்திடமும் எதிர்பார்த்தாள்.

கணக்கும் அவளுக்குச் சாட்சி சொல்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசிகளும் போட்டுக்கொண்ட ஒரு வயதுக் குழந்தைகள் 2005-06-ல் நூற்றுக்கு 81 பேர். 2015-16-ல் அது 70-க்கு இறங்கியது. இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஊசி கிராமத்தை விட்டு விலகிப்போனது அவற்றில் முக்கியமான ஒன்று என்று வைத்திய உலகத்திலேயே சொல்கிறார்கள். நம்பிக்கையைக் காப்பாற்றுவதற்காக நர்ஸம்மாவைக் கிராமத்திலிருந்து விலக்கினார்கள். நர்ஸம்மாதான் நம்பிக்கை என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் காலியிடத்தில் என்ன முளைக்கும்? வதந்தி முளைக்கும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பறந்த பயங்கரச் செய்திகளால் எத்தனையோ பெற்றோர் தயங்கினார்கள். இயக்கத்தின் நாட்களை நீட்டிக்க வேண்டிவந்தது. எனக்கு அந்தச் செய்திகளை அனுப்பிவைத்தவர்கள் மீனவர்கள் அல்ல, பட்டதாரிகள். 2021 ஏப்ரல் 15-ஆம் தேதி நடிகர் விவேக், மற்றவர்களுக்கு ஊக்கம் தருவதற்காகவே அரசு ஆஸ்பத்திரியில் கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி மாரடைப்பால் இறந்தார். ஊசிக்கும் மரணத்துக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் உடனே சொன்னார்கள். ஆனால் முறையாக ஆராய்ந்த மத்தியக் குழுவின் முடிவு வெளிவந்தபோது அக்டோபர் மாதம். வதந்திக்கு அரை மணி நேரம்; விசாரணைக்கு ஆறு மாதம். இந்த ஓட்டப் பந்தயத்தில் எது ஜெயிக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

ஜனங்கள் செய்வதெல்லாம் சரி என்று நான் வாதாடவில்லை. தட்டம்மை விளையாட்டல்ல. 2023-ல் மட்டும் உலகத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் அதனால் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது, பெரும்பாலோர் குழந்தைகள். ஆயாவின் கேள்வி நியாயமானது. ஆனால் கிருமி அந்த நியாயத்தைக் கேட்டுக்கொண்டு நிற்காது. பதில் சொல்ல ஆளில்லை என்று அவள் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பேத்திக்கு ஆபத்து. அதனால்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள் மேல் எனக்கு அதிகமாகக் கோபம் வருகிறது.

வழி தெரியாமலும் இல்லை. சென்னைச் சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய க்ஷயரோக மையம், நோயாளியைச் சானடோரியத்தில் அடைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் நோய் குணமாகிறது என்று 1959-ல் உலகத்துக்கு நிரூபித்தது. சென்னையின் ஏழைக் குடியிருப்புகளுக்கு ஊழியர்கள் நடையாய் நடந்து போய்ப் பார்த்துக்கொண்டதால்தான் அது முடிந்தது. தடுப்பூசியும் பிற்காலத்தில் கிராமங்களுக்குத் திரும்பி வந்தது. 2019-21 ஆய்வில் அந்த 70 என்பது 89 ஆக ஏறியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய திட்டம் ஒன்று சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. அதற்கு வைத்த பெயர் ‘மக்களைத் தேடி மருத்துவம்’. எல்லாச் சர்க்கார் பெயர்களையும்போல இதுவும் பெயராகவே நின்றுவிடாமல் இருக்க வேண்டும்.

மருந்து தேடி வந்தால் மட்டும் போதாது. பதிலும் தேடி வர வேண்டும். பலித்தால் பலித்தது என்றும், பலிக்காவிட்டால் பலிக்கவில்லை என்றும், தப்பு நடந்தால் இன்ன தப்பு என்றும், ஜனங்களின் பாஷையில், அவர்கள் வாசலில் நின்று சொல்ல ஆள் வர வேண்டும். அப்படி ஓர் ஆளை அனுப்பிப் பார்த்துவிட்டு, அதன் பிறகும் நம்பிக்கை தேய்ந்தால், அப்போது ஜனங்களைக் குறை சொல்லலாம்.