ஊரே பெயரானவர்கள்

1290-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு யூதர்களை நாட்டைவிட்டே வெளியேற்றினார். அந்தத் தடை நீங்காமலே 250 ஆண்டுகள் உருண்டோடின. 1540-இல் எட்டாம் ஹென்றியின் அரண்மனைக்கு இத்தாலியிலிருந்து ஆறு வாத்தியக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் யூத வழியினர் என்பது இந்நாளைய ஆராய்ச்சியாளர் சிலரின் முடிவு.

அவர்கள் வாசித்த வாத்தியம் வயோல். ஆறு தந்திகள், கழுத்தில், வீணைக்கு இருப்பதுபோல, மெட்டுகள், கால்களுக்கிடையே நிறுத்தி வில்லால் வாசிக்க வேண்டும். பெரிதும் சிறிதுமாக ஐந்தாறு வயோல்கள் கூடி இசைக்கும்போது தலைமை வாத்தியம் என்று ஒன்று கிடையாது. ஒருவர் தொடங்கிய இழையை அடுத்தவர் வாங்கி வளர்ப்பார். எல்லாருக்கும் சம ஆசனம்.

அந்தச் சமத்துவம் இசையோடு சரி. 1541-42-இல் லண்டனில், மறைவாக யூத சமயத்தைக் கைக்கொண்டதாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள் சிறைப்பட்டார்கள்.

அரண்மனைக் கணக்கில் இந்தக் கலைஞர்கள் வெனிஸ் வின்சென்ட், மிலான் அம்புரோஸ், கிரெமோனா ஜோன் மரியா என்று ஊர்ப் பெயரோடு நின்றுவிட்டார்கள். அம்புரோசுக்கு அல்மாலியாக் என்றொரு குடிப்பெயரும் இருந்தது. யூதரிடையே வழங்கும் பெயர் அது. நான்கு ஆட்சிகளில் ஊழியம் செய்து 1591-இல் அவர் கண்மூடினார். பேரன் தாமஸ் லூப்போ வயோல்களுக்கென்று எழுதிய இசையை இன்றும் வாசிக்கிறார்கள்.

யூதர்கள் மீண்டும் அங்கே வெளிப்படையாக வாழ வழி பிறந்தது 1656-இல்தான்.

மன்னர் சபையில் வில்லை வைத்துவிட்டு அம்புரோஸ் வீடு திரும்பியிருப்பார். கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, தம் பிள்ளைகளுக்கு எந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்திருப்பார்? கதை எழுதுகிறவனுக்கு அதுதான் தெரிய வேண்டியிருக்கிறது. கணக்கேட்டில் அதற்கு இடமில்லை.