கோடு போடாமல் கழற்றாதே

அப்பா காலமான பிறகு கம்பத்திலிருந்து நான் கேட்டு வாங்கி வந்த ஒரே சொத்து, அவருடைய பழைய ஜீப். "நாக்பூர்ல இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்று வீட்டம்மா கேட்டார். பதில் இல்லை. ஏலக்காய் மூட்டையோடு குமுளி மலையேறிய வண்டி. அதை விற்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு மாதம் முன்பு, கிளட்சை விடும்போதெல்லாம் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் இரண்டு கிராஸும் தேய்ந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை நானும் பையனும் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, ஷாஃப்டைக் கழற்றினோம். கழற்றும் முன் பையன் சாக்பீஸால் கோடு போட்டான். அது என் அப்பா எனக்குச் சொன்னது: "கோடு போடாம எதையும் கழட்டாதடா."

லேத்துக் கடைப் பையன் புது கிராஸ் போட்டு, 400 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஷாஃப்டை இரண்டு துண்டாகத் திருப்பித் தந்தான். இங்கேதான் என் மூளை வேலை செய்தது. இவ்வளவு அழுக்காக இருக்கிறதே என்று மண்ணெண்ணெயில் கழுவி, கறுப்பு பெயின்ட் அடித்து, பளபளவென்று மாட்டினேன். சாக்பீஸ் கோடு போன இடம் தெரியவில்லை.

வர்தா ரோட்டில் 50 கி.மீ. தாண்டியதும் சீட்டுக்கு அடியில் 'உம்ம்ம்' என்று ஒரு அதிர்வு. கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரிந்தது. இரண்டு தடவை வீல் பேலன்சிங் செய்தும் பயனில்லை. நேரே லேத்துக் கடைக்குப் போய், நாலு பேர் முன்னால் அந்தப் பையனைக் கத்திவிட்டு 400 ரூபாயைத் திரும்ப வாங்கி வந்தேன். மேனேஜர் குரல் அப்படித்தான், எங்கே போனாலும் கூடவே வரும் :-)

ஆபீஸ் டிரைவர் சொல்லி ஒரு வயதான மிஸ்திரியிடம் போனேன். முதலில் வண்டியை ஓட்டச் சொன்னார். 60-ல் நியூட்ரலுக்குத் தள்ளியும் அதிர்வு நிற்கவில்லை. "எஞ்சின் இல்லை. சக்கரம்னா இன்னும் மெதுவா ஆட்டும். இது ஷாஃப்ட்" என்றார். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஷாஃப்ட் பல சுற்று சுற்றிவிடும், அதனால்தான் அந்த 'உம்ம்ம்'. பிறகு அடியில் படுத்து, பிளேடால் என் பெயின்டைச் சுரண்டினார். உள்ளே இரண்டு அம்புக்குறிகள். ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டியவை, ஒரு பல் தள்ளி இருந்தன.

பி.காம். படித்தவனுக்கு அவர் விளக்கியது இப்படிப் புரிந்தது. கிராஸ் ஜாயின்ட் வளைந்து சுற்றும்போது வேகத்தைச் சீராகக் கடத்தாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடும், இரண்டு தடவை குறையும். 10 டிகிரி வளைவில், நிமிஷத்துக்கு 2000 சுற்று உள்ளே போனால் வெளியே 1970-க்கும் 2031-க்கும் நடுவே ஊசலாடும். முன் ஜாயின்ட் செய்யும் இந்தத் தப்பைப் பின் ஜாயின்ட் அதே அளவு திருப்பித் தப்பு செய்து சரிக்கட்டும். அதற்கு இரண்டு பக்கமும் கோணம் சமமாக இருக்க வேண்டும், இரண்டு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். கணக்குப் பதிவியலில் ஒரு தப்பு இன்னொரு தப்பை மறைத்து டிரையல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டால் நமக்கு ஆபத்து. இங்கே அதுவே ஏற்பாடு!

போதாததற்கு, குழாயில் வெல்டு செய்த சின்ன எடைத் தகடுகளும் இரண்டு துண்டும் பழைய நிலையில் சேர்ந்திருந்தால்தான் சமன் செய்யும். வேகம் இரண்டு மடங்கானால் சமனில்லாத விசை நாலு மடங்கு.

மிஸ்திரி ஷாஃப்டை இறக்கி, அம்பை நேராக்கி மாட்டினார். 70-லும் வண்டி அமைதி. எனக்குத்தான் இல்லை. பக்கத்து சீட்டிலிருந்து பையன் கேட்டான்: "அப்பா, அப்போ அந்த லேத்து அண்ணா மேல தப்பே இல்லையா?"

வண்டியைத் திருப்பினேன். அன்றைக்கும் கடையில் நாலு பேர் இருந்தார்கள். எனக்குத் தெரிந்த இந்தியில், தப்பு என்னுடையது என்று அவர்கள் காதில் விழும்படி சொல்லி, 500 ரூபாய் நீட்டினேன். அந்தப் பையன் 100 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தான். பிறகு பஞ்சும் சுத்தியலும் எடுத்து வந்து, வண்டிக்கு அடியில் புகுந்து, ஷாஃப்டின் இரண்டு துண்டிலும் நேருக்கு நேராக ஒவ்வொரு புள்ளி அடித்தான்.

"இது மண்ணெண்ணெய்க்குப் போகாது சார்" என்றான்.

அப்பா இருந்திருந்தால் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பார். நானும் பையனும் வாங்கிக் கொடுத்தோம்.