அமாவாசைச் சாலை

வளைகுடாவில் அல் ஐன் நகரை ஒட்டி நிற்கும் ஜெபல் ஹஃபீத் மலைமேல் ஏறும் சாலை ஏறக்குறைய 12 கிலோமீட்டர். அறுபது வளைவுகள் என்பார்கள். குண்டு குழி கிடையாது. இரவெல்லாம் விளக்கு எரியும். ஏறுவதற்கு இரண்டு தடம், இறங்குவதற்கு ஒரு தடம். என்னிடம் இப்போது இருக்கும் வண்டி அந்த மலையை மூச்சு வாங்காமல் ஏறிவிடும். உச்சியில் நிறுத்திக் கீழே பார்த்தால் ஊர் முழுக்க வெளிச்சம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் வண்டியைச் சாய்க்கும்போது, என் முன்னால் ஒரு முதுகு இருந்திருக்க வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. அதற்குப் பிறகு மலை மலையாக இருப்பதில்லை.

ஆரணியை அடுத்த எங்கள் ஊர் முள்ளிப்பட்டில் அமாவாசை என்றால் தறிக்கு ஓய்வு. மற்ற நாளெல்லாம் விடியும் முன்பே ஏதோ ஒரு வீட்டில் தறியடிக்கும் சத்தம் தொடங்கி, வீடு வீடாகப் பரவி, பிறகு அது சத்தமாகவே தெரியாமல் போய்விடும். தெருவின் மூச்சுபோல ஆகிவிடும். அமாவாசையன்று காலையில் அது இருக்காது. அந்த அமைதிக்கே விழிப்பு வரும் எனக்கு. பிறகு வாசலில் நைனா யமஹாவை உதைப்பார். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் நீலப்புகை, எரிந்த ஆயில் வாசனை, ஆக்சிலேட்டரைத் திருகித் திருகி விடும்போது எழுந்து அடங்கும் அந்தக் கணீர் ஒலி. ஆர்எக்ஸ் 100-ஐ வைத்திருந்தவர்களுக்கும், அதன் பின்னால் உட்கார்ந்து போனவர்களுக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. 1996-ல் அந்த வண்டி செய்வதை நிறுத்திவிட்டார்கள். எங்களுடையது அதற்கு முன்பே பழையதாக வாங்கியது.

தை, ஆடி, புரட்டாசி அமாவாசைகள் முன்னோருக்கு. மற்றவையெல்லாம் எங்களுக்கு.

நைனா நாள் முழுக்கக் குழித்தறியில் கால் தொங்க உட்கார்ந்திருந்தவர். பட்டு கர்நாடகத்திலிருந்து வந்தது. ஜரிகை சூரத்திலிருந்து வந்தது. நெய்து முடித்த புடவை எந்தெந்த ஊர்க் கல்யாணங்களுக்கோ போனது. எல்லாம் வந்தும் போயும் கொண்டிருந்த அந்தக் குழியில் அவர் மட்டும் அசையாமல் இருந்தார். வீட்டில் எத்தனையோ செலவு காத்திருக்க அவர் ஏன் வண்டி வாங்கினார் என்பது அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. எனக்கு இப்போது விளங்குகிறது, நைனா.

கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். அவர் உடலுக்கு நாடா ஓட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா எறிவது என் வேலை. பள்ளிவிட்டு வந்ததும் அதுதான். அங்கே பேச்சு கிடையாது. “ம்” என்பார், எறிவேன். மறுபடி “ம்”. ஒரு புடவை முழுவதும் எங்களுக்குள் நடந்த உரையாடல் அவ்வளவுதான். அந்த மனிதர் வண்டியில் ஏறியதும் பேசத் தொடங்குவார். ஆரணியைத் தாண்டியதும் ஆரம்பிப்பார். களம்பூரில் அரிசி ஆலைகளின் தவிட்டு வாசனை வரும். ஆரணி ரோடு ஸ்டேஷன் அருகே கேட் போட்டிருந்தால் மீட்டர் கேஜ் ரயில் ஆடி ஆடிக் கடக்கும்வரை கதை நிற்கும். கேட் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். போளூரைத் தாண்டினால் ஜவ்வாது மலை கண்ணுக்கு எதிரே நீலமாக எழுந்து நிற்கும். அங்கிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

காடு தொடங்கும் இடத்தில் சட்டென்று ஒரு குளிர்ச்சி முழங்காலில் படும். முதலில் முழங்காலில்தான் படும். பிறகு முதல் வளைவு. சின்ன வயதில் பயந்து எதிர்ப்பக்கம் விறைத்துக்கொள்வேன். “எதுத்துக்கினு குந்தாத கண்ணு. வண்டி சாஞ்சா நீயும் சாயி. அது உன்ன வுட்டுடாது.” இரண்டாவது கியருக்கு இறக்கி, வண்டி முனகி ஏற, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கீழே தொலைவில் நாங்கள் கடந்து வந்த சமவெளி. மேலே போனால் பருவத்தில் சாமைப் பயிர் சரிவெல்லாம் பச்சை. கோடையில் ரோட்டோரம் பலாப்பழம் குவித்து வைத்திருப்பார்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். ஒன்றை வாங்கி டேங்க்மேல் குறுக்கே வைத்து, இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டே மலை இறங்குவார். அந்த வாசனை வீடுவரை முன்னால் வரும். இங்கே அல் ஐனில் பெரிய கடைகளில் பலாச்சுளை கிடைக்கிறது. உரித்து, கொட்டை நீக்கி, டப்பாவில். வாங்கிவந்து குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, சாப்பிடாமலே எறிந்திருக்கிறேன்.

சில அமாவாசைகளில் காவலூர் வரை போவோம். சந்தனக் காட்டு மலையில் தொலைநோக்கி நிற்கும் வெள்ளைக் குவிமாடத்தைப் பார்க்கவே நைனாவுக்குப் பிடிக்கும். அந்த இடத்தைத் தேர்ந்து வானாய்வு மையம் அமைத்த வைணு பாப்பு 1982-ல் இறந்துபோனார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-ல்தான் கண் திறந்தது. அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். நிலா இல்லாத இரவுதான் அங்கே வானம் பார்ப்பவர்களுக்கு நல்ல வேலைநாள் என்று யாரோ நைனாவிடம் சொல்லியிருக்கிறார்கள். “நம்ம தறி நிக்குற அன்னிக்கு இவுங்க தறி ஓடுது பாரு” என்றார். தனக்கு அப்படித் தோன்றியதில் அவருக்கு ஒரு பெருமை. அடுத்தடுத்த அமாவாசைகளிலும் அதையே சொன்னார். நான் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

திரும்பும்போது இருட்டிவிடும். இறக்கத்தில் ஒரு திருப்பத்தில் ஓரங்கட்டி, வண்டியை அணைத்து, விளக்கையும் அணைத்துவிடுவார். சூடான இன்ஜின் டிக் டிக்கென்று ஆறும். சில்வண்டுகள். தலைக்குமேல் அத்தனை நட்சத்திரம், தூள் ஜரிகையை உதறிவிட்டதுபோல. இரண்டு பேரும் ஒன்றும் பேசமாட்டோம். உங்களுக்கும் அப்படி ஓர் இடம் இருந்திருக்கும். ஊர்ப் பெயர் வேறாக, வண்டி வேறாக, பக்கத்தில் நின்றவர் வேறாக. இப்போது போய் நின்றாலும் அந்த இருட்டு அங்கே இருக்குமா என்று நினைத்து, போகாமலே இருந்துவிடுவோம்.

2007-ல் நான் வளைகுடா வந்தேன். ஆறு வருடம் கழித்து நைனாவுக்கு முழங்கால் மடங்கவில்லை. தறியிலும் உட்கார முடியவில்லை, வண்டியையும் உதைக்க முடியவில்லை. நான் இல்லாதபோது வண்டியை விற்றார்கள். 2016-ல் அவர் போனார். குழியை மூடி மேலே சிமெண்ட் பூசியாயிற்று. தை, ஆடி, புரட்டாசி அமாவாசைகளில் இப்போது அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறேன். மற்ற அமாவாசைகள் சும்மா வந்து போகின்றன.

அவர் முகம் நினைவில் தேயவில்லை. படங்கள் இருக்கின்றன. குரல்தான். தறியில் கேட்ட “ம்” அப்படியே இருக்கிறது. வண்டியில் பேசிய பேச்சுகள் பாதிதான் இருக்கின்றன. ஏனென்றால் பாதியைத்தான் கேட்டேன். அவர் முன்னால் பார்த்துப் பேசுவார். சொற்களைக் காற்று பிய்த்துக்கொண்டு போகும். அவர் தோளில் காதை ஒட்டிவைத்தாலும் துண்டு துண்டாகத்தான் வரும். தாத்தாவைப் பற்றி ஏதோ. மெட்ராஸில் ஒருமுறை அவர் வேலை தேடிப் போனதைப் பற்றி ஏதோ.

நான் புறப்படுவதற்கு முந்தைய அமாவாசை. அதே ஏற்றம், அதே இரண்டாவது கியர். அன்று அவர்தான் ஓட்டினார், என்னை விடவில்லை. வளைவில் சாய்ந்தபடி என்னவோ நீளமாகச் சொன்னார். இன்ஜின் சத்தத்தில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வளைவு நிமிர்ந்ததும் தலையைக் கொஞ்சம் திருப்பி, “கேட்டுச்சா?” என்றார்.

“ம்” என்றேன்.