கடலோசையும் கணக்கேடும்

சாந்தோமில் பிறந்தவனுக்குக் கடிகாரம் தேவையில்லை. கரையேறும் படகுகளின் எஞ்சின் ஓசை விடியலில் எழுப்பிவிடும். தேவாலய மணி பள்ளிக்குப் புறப்படச் சொல்லும். நொச்சிக்குப்பத்துப் பெண்கள் மீன் கூவி விற்கும் குரல் கேட்டால் அம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இரவில் எல்லா ஓசையும் அடங்கிய பின்னும் அலை மட்டும் அடங்குவதில்லை. இவற்றுக்கிடையே வளர்ந்த ஒருவன் இசையின் பக்கம் சாய்ந்தான் என்றால் அதில் வியப்பென்ன?

ஆனால், "தம்பி என்ன செய்கிறது?" என்று உறவினர் கேட்கும்போதுதான் என் நாக்கு தடுமாறும். பி.காம். மூன்றாம் ஆண்டு என்பது பாதி விடை. "மின்னணு இசை அமைக்கிறேன் மாமா" என்பது மீதி விடை. "சினிமாவிலா?" என்பார். இல்லை. "கச்சேரியா?" அதுவும் இல்லை. "பின்னே?" என்பார். அந்தப் "பின்னே"வுக்கு விடை சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் பகுதித் தேவாலயப் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கப் பழகியவன் நான். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். பிளஸ் டூ முடித்த ஆண்டில் ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் ஒன்றை வாங்கித் தந்தார். அதில் இலவச மென்பொருளை ஏற்றி, கைப்பேசியில் பதிந்த ஓசைகளை வெட்டியும் நீட்டியும் தாளத்தில் பொருத்தியும் இசையாக்கத் தொடங்கினேன். முதற் சுழற்சி வகுப்பு நண்பகலுக்குப் பின் முடிந்துவிடும். மாலை பிழைப்புக்கு, இரவு பத்துக்கு மேல் ஹெட்போனுக்கு. வீட்டில் இருப்பது ஓர் அறைதான். மற்றவர்கள் உறங்கும்போது சுவரோரம் அமர்ந்து ஓசையின்றி இசை அமைப்பேன்!

அமைத்ததை எங்கே கொடுப்பது? முன்பெல்லாம் இசைத்தட்டு நிறுவனத்தாரின் வாசலில் நிற்க வேண்டும். இன்று ஸ்ட்ரீமிங் என்னும் இணைய வழி வந்துவிட்டது. 2019 பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது; அதற்கு முன்பே கானா போன்ற தளங்கள் இங்கிருந்தன. ஆண்டுக் கட்டணம் செலுத்தினால், இடைநிலை நிறுவனம் ஒன்று நம் இசையை எல்லாத் தளங்களிலும் ஏற்றிவிடும். என் அறையில் பிறந்த இசையைச் சிங்கப்பூரில் ஒருவர் கேட்கலாம். இது சிறிய செய்தியா?

கேட்கலாம், ஆனால் காசு? வணிகவியல் மாணவனல்லவா, கணக்கேடு வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு என் ஒன்பது இசைத் துண்டுகளும் 14,200 முறை கேட்கப்பட்டன. வரவு 852 ரூபாய். ஒரு முறைக்கு ஆறு பைசா! இடைநிலை நிறுவனத்துக்கு நான் கட்டியது 1,500 ரூபாய். ஆக, இசையால் 648 ரூபாய் நட்டம்.

ஏன் இவ்வளவு குறைவு? பலர் எண்ணுவதுபோல் ஒருவர் என் இசையைக் கேட்டால் அவர் செலுத்திய சந்தா என்னிடம் வந்துவிடுவதில்லை. பெரும்பாலான தளங்களில் சந்தாவும் விளம்பர வருவாயும் ஒரே கூடையில் கொட்டப்படும். தளத்தின் பங்கு போக எஞ்சியது, அம்மாதம் கேட்கப்பட்ட எல்லாப் பாடல்களுக்கும் விகிதப்படி பகிரப்படும். புகழ்பெற்ற பாடல்கள் கோடிக்கணக்கில் ஓடும் கூடையிலே என் பங்கு ஒரு நெத்திலி. மேலும் 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு ஸ்பாட்டிஃபையில் பங்கே கிடையாது.

அப்படியானால் நான் எப்படிப் பிழைக்கிறேன்? பக்க வேலைகளால்தான். திருமண வரவேற்புகளில் மெல்லிசைக் குழுவோடு 18 இரவுகள் கீபோர்டு வாசித்தேன். இரவுக்கு 1,500 வீதம் 27,000 ரூபாய். இரு சிறுவர்களுக்குக் கீபோர்டு சொல்லிக் கொடுத்ததில் 16,800. மயிலாப்பூர் நடன ஆசிரியைகளுக்குப் பயிற்சிப் பாடல்களின் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைத்துக் கொடுத்ததில் 9,200. மொத்தம் 53,000 ரூபாய். என் இசை எனக்குச் சோறு போடவில்லை. நான்தான் என் இசைக்குச் சோறு போடுகிறேன்.

இதை நினைத்து நான் வெட்கியதுண்டு. வரவேற்பு மேடையில் ஒரே பாட்டை மூன்றாம் முறை வாசிக்கும்போது, "நானா கலைஞன்?" என்று உள்ளம் குத்தும். அந்த வெட்கத்தைப் போக்கியவர் சரண்ஜித் சிங் என்னும் மும்பைக் கலைஞர். நான் அவரைக் கண்டதில்லை, வரலாறாகத்தான் படித்தேன். இந்தித் திரையிசைக் குழுக்களில் கிட்டார் வாசித்தவர். திருமண விழாக்களிலும் வாசித்தவர். 1982-இல் ஜப்பானிய மின்னணுக் கருவிகளைக் கொண்டு பத்து இராகங்களை நடனத் தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அது விலைபோகவில்லை. அவர் மீண்டும் தம் வேலைக்குத் திரும்பினார். சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் சிகாகோ நகரத்து இளைஞர்கள் அதே வகைக் கருவியால் அமைத்த புது இசை உலகையே ஆட்டிவைத்தது. 2010-இல் அவருடைய தட்டு மறுபதிப்பாக வந்தபோதுதான், அதற்கு முன்பே மும்பையில் ஒருவர் அவ்வோசையை எழுப்பியிருந்ததை உலகம் பரவலாக அறிந்தது. எழுபது வயதைக் கடந்து அயல்நாட்டு மேடைகளில் அதை வாசித்துவிட்டு, 2015-இல் மறைந்தார்.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் சென்னையிலேயே ஏ.ஆர். ரகுமான் 1992-இல் 'ரோஜா' வருமுன் பல விளம்பரங்களுக்கு இசையமைத்தவர்தாமே! தந்தையார் ஆர்.கே. சேகர் 1976-இல் மறைந்த பின், அவர் விட்டுச் சென்ற இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அக்குடும்பம் காலந்தள்ளியது. பக்க வேலை பழிப்புக்குரியதன்று என்று தெளிந்தேன்.

ஆயினும் ஒரு பிழை செய்தேன். அதைச் சொல்லாமல் இக்கணக்கு நிறைவு பெறாது.

என் இசைத் துண்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது, பட்டினப்பாக்கத்து அலையோசையின் மேல் ஒரு குரலை ஏற்றி அமைத்தது. அது எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ஆயாவின் குரல். "வஞ்சிரம்... வவ்வாலு..." என்று அவர் இழுக்கும் இழுப்பில் ஓர் இராகமே இருக்கும். ஒருநாள் காலை சன்னலோரம் கைப்பேசியை வைத்துப் பதிந்துகொண்டேன்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் அப்பா வழுக்கி விழுந்து கால் முறிந்து ஆறு வாரம் படுத்துவிட்டார். ஆட்டோ ஓடாவிட்டால் அடுப்பு எரியாது. அந்நேரம் விளம்பரப் படம் எடுப்பவர் ஒருவர் அந்த இசையை 5,000 ரூபாய்க்குக் கேட்டார். "எல்லா உரிமைகளையும் கொடுத்துவிட்டேன்" என்று எழுதிய ஒற்றைத் தாளில், படித்தும் படிக்காமலும் கையெழுத்திட்டேன். அரிசி வந்தது, மருந்து வந்தது.

இரண்டு மாதம் கழித்து அம்மா கைப்பேசியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவர், "இது நம்ம ஆயா குரல் மாதிரி இல்ல?" என்றார். என் இசைதான். அடுக்குமாடி வீட்டு விளம்பரம். என் பெயர் எங்குமில்லை. நெஞ்சு கொதித்தது. சட்டம் பயிலும் எங்கள் தெரு அண்ணன் ஒருவரிடம் தாளைக் காட்டினேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தையும் அதில் 2012-இல் வந்த திருத்தத்தையும் அவர் விளக்கினார். படத்திலோ ஒலிப்பதிவிலோ இடம்பெறும் இசைக்கு, திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது நீங்கலான பிற பயன்பாட்டில், இசையமைத்தவருக்குரிய உரிமத்தொகைப் பங்கை அவர் தாமே விரும்பினாலும் நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது. ஒப்பந்தத்தில் காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். "உன் தாளில் காலமே இல்லையடா! ஐந்தாண்டில் உன் இசை உன்னிடம் திரும்பும்" என்றார். 1969-இல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். என்னும் உரிமச் சங்கத்தில் சேரவும் சொன்னார்.

மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன். வாசலில் ஆயா கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். அம்மா அவரிடம் விளம்பரத்தைக் காட்டியிருக்கிறார்.

"இன்னாடா கண்ணு, என் கொரலை வித்துட்டியாமே? எம்மாத்துக்குப் போச்சு?" என்று சிரித்தார்.

அவர் சிரித்தார், நான் குன்றிப்போனேன். என் பெயரைப் போடவில்லை என்று கொதித்த நான், அவரிடம் ஒரு சொல் கேட்டேனா? என் பங்கைத் தேடிச் சட்டப் புத்தகம் வரை போனேன்; அவர் பங்கு என் நினைவுக்கே வரவில்லை. படிக்காமல் கையெழுத்திட்டவன் நான். அவரோ கையெழுத்தே இடாதவர்.

அடுத்த இரு வரவேற்புகளில் வாசித்த கூலியிலிருந்து 2,500 ரூபாயை அவரிடம் கொடுத்தேன். "இதெல்லாம் எதுக்குடா?" என்றார். "படகில் வந்ததைப் பங்கு போடுவதில்லையா ஆயா?" என்றேன். சிறிது நேரம் என்னையே பார்த்தார். பிறகு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "அப்போ மொறையா பாடுறேன், பதிஞ்சுக்கோ" என்றார். இம்முறை அவர் எதிரிலேயே கைப்பேசியை வைத்தேன். புதிய இசையில் குரல் என்ற இடத்தில் அவர் பெயர் இருக்கிறது. பங்கு சரிபாதி. இதுவரை வந்தது 38 ரூபாய். அவருக்கு 19 என்று கணக்கேட்டில் எழுதியிருக்கிறேன்.

நண்பர்களே, பாட்டோ படமோ எழுத்தோ, உங்களிலும் பலர் இரவுகளில் எதையேனும் ஆக்கிக்கொண்டிருப்பீர்கள். உங்கள் வேலை உங்களுக்குச் சோறு போடும்வரை வேறு வேலை செய்ய நாணாதீர்கள். தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள் பெரியோர். வரவை அளப்பதோடு நில்லாமல், அதில் பிறருக்குரியது எவ்வளவு என்றும் அளந்துவிடுங்கள்.

மாமா அடுத்த முறை "பின்னே?" என்று கேட்டால் சொல்வதற்கு விடை வைத்திருக்கிறேன். "இசை அமைக்கிறேன் மாமா. அதற்காக வரவேற்பில் வாசிக்கிறேன். கூட்டாளி ஒருவர் இருக்கிறார். காலையில் மீன் விற்பார்."