வராத நாய்

அம்மாவின் வலது மணிக்கட்டு லேசாக வெளிப்பக்கம் வளைந்திருக்கும். யாராவது கேட்டால், "பையன்கூட வண்டியில போகையில நாய் குறுக்க வந்துருச்சுங்" என்பார். நானும் அதையேதான் சொல்வேன். இத்தனை வருடத்தில் அந்த நாய்க்கு நிறம்கூட வந்துவிட்டது. செவலை. வேலியைத் தாண்டி இடப்பக்கத்திலிருந்து ஓடி வந்தது என்றுகூட ஒரு கல்யாண வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

உண்மையில் அன்று நாய் எதுவும் வரவில்லை.

2017 டிசம்பர் கடைசி. மார்கழி. அன்னூரிலிருந்து மேற்கே நாலு கிலோமீட்டரில் எங்கள் தோட்டம். மார்கழி முழுக்க அம்மா வெள்ளென எழுந்து, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, இரண்டு மாட்டிலும் பால் கறந்து வைத்துவிட்டு மன்னீஸ்வரர் கோயிலுக்குப் போக வேண்டும் என்பார். சனி, ஞாயிறுகளில் நான் கூட்டிப் போவேன். அன்று வார நாள். ஆறரை மணிக்கு எனக்கு ஆஸ்திரேலியக் கிளையண்டோடு கால். அதற்குள் போய்த் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினேன். கணக்கு சரிதான், மணிக்கு 55 கிலோமீட்டரில் போனால்.

முந்தின நாள் சாயங்காலம் தூறியிருந்தது. வாழைத் தோட்டங்களின் மேல் பனி கட்டியாக நின்றது. ஹெட்லைட் வெளிச்சம் பனியில் பட்டு என் கண்ணுக்கே திரும்பி வந்தது. அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் பூக்கூடையும் நல்லெண்ணெய் பாட்டிலும் வைத்திருந்தார். தலையில் ஹெல்மெட் கிடையாது. நாலு கிலோமீட்டருக்கு எதற்கு என்று இருவருமே நினைத்தோம்.

"மெதுவாப் போ சாமி, ரோடே தெரியல."

"எனக்குத் தெரியும்மா. சும்மா வா."

இந்தப் பதிலைத்தான் நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு வளைவுக்கு முன்னால், உழவு முடித்த டிராக்டர் காட்டிலிருந்து தார்ரோட்டில் ஏறிய இடத்தில், இரண்டு பட்டையாக மண் அப்பியிருந்தது. ராத்திரிப் பனியில் ஊறிக் குழகுழவென்று கிடந்தது. அதைப் பார்த்தபோது ஏறக்குறைய அதன் மேலேயே இருந்தேன். வலது கை தானாக முன் பிரேக்கை இறுக்கியது. முன் சக்கரம் ஒரு பக்கமாகப் போனது, நாங்கள் ஒரு பக்கமாகப் போனோம். அம்மா கையை ஊன்றி விழுந்திருக்கிறார். நான் எழுந்தபோது முதலில் தெரிந்தது நல்லெண்ணெய் வாசம்.

பால்கேன் கட்டிய வண்டியில் பின்னால் வந்தவர்தான் முதலில் நிறுத்தினார். "ஏனுங் தம்பி, நாய் கீய் குறுக்க வந்துருச்சுங்களா?" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்ணா" என்றேன்.

நாய் பிறந்தது அப்படித்தான்.

கோயம்புத்தூரில் மணிக்கட்டுக்குப் பிளேட் வைத்தார்கள். மூன்று மாதத்தில் கை தூக்க வந்தது. ஆனால் பிடிமானம் பழையபடி வரவில்லை. பால் கறக்கக் கைவிரலைவிட மணிக்கட்டுதான் முக்கியம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆள் வைத்துக் கறந்து பார்த்தோம், மாடு ஒத்துக்கொள்ளவில்லை. சித்திரையில் இரண்டையும் விற்றுவிட்டோம். வாங்கியவர் வண்டியில் ஏற்றும்போது அம்மா வீட்டுக்குள் போய்விட்டார். மார்கழிக் கோலமும் இப்போது சின்னதாகத்தான் வருகிறது, நாலு புள்ளி, அஞ்சு புள்ளி.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. நடுராத்திரியில் சர்வர் படுத்துவிட்டால், சரிசெய்த பிறகு ஏன் படுத்தது என்று அறிக்கை எழுத வேண்டும். 'ஆள் தவறு' என்று எழுதி முடித்துவிடக் கூடாது. டொயோட்டா தொழிற்சாலையிலிருந்து வந்த முறை அது: ஒவ்வொரு பதிலுக்கும் இன்னொரு 'ஏன்', குறைந்தது ஐந்து முறை. இப்படி எத்தனையோ எழுதியிருக்கிறேன். ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல், அம்மாவின் மணிக்கட்டுக்கு ஒன்று எழுதிப் பார்த்தேன்.

ஏன் விழுந்தோம்? முன் சக்கரம் வழுக்கியது. ஏன் வழுக்கியது? பூட்டிக்கொண்டது. உருளுகிற சக்கரம் வேகமாகப் போவதுபோலத் தெரிந்தாலும், தரையைத் தொடும் உள்ளங்கையளவு ரப்பர் அந்தக் கணத்தில் தரையோடு அசையாமல்தான் ஒட்டியிருக்கிறது. பிடிப்பு முழுக்க அந்த ஒட்டலில் இருக்கிறது. சக்கரம் நின்றுவிட்டால் ரப்பர் தேய்த்துக்கொண்டு போகும், பிடிப்பு குறையும். அதைவிட மோசம், பக்கவாட்டில் தாங்குவதற்கு ஒன்றும் மிஞ்சாது. பின் சக்கரம் பூட்டினால் வால் ஆடும், சமாளிக்கலாம். முன் சக்கரம் பூட்டினால் யோசிக்கக்கூட நேரம் கிடைக்காது.

அப்பா இருந்தவரை டிவிஎஸ் 50-இல் பால் கொண்டுபோனவர். "முன்னாடி பிரேக்கைத் தொடாதே, தூக்கிப் போட்டுரும்" என்பார். அது பாதி உண்மை. பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, ஆகவே நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான். தொடாமலே இருந்தால் வண்டி நிற்காது. துணி பிழிகிற மாதிரி, மெல்ல ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எடை முன்னால் வருவதற்குள் வெடுக்கென்று இழுத்தால்தான் தூக்கிப் போடும். அதுவும் வண்டி நேராக இருக்கும்போதே பிடித்து முடிக்க வேண்டும். வளைவில் சாய்ந்திருக்கும் டயர் தன் பிடிப்பைத் திரும்புவதற்கே செலவழித்துக்கொண்டிருக்கிறது.

ஏன் இறுக்கினேன்? நிற்க இடம் இல்லை. காய்ந்த தார்ரோட்டில் 55-இல் போகும் வண்டி, பிரேக் பிடித்தபின் நிற்க சுமார் 17 மீட்டர் ஆகும். ஈர ரோட்டில் சுமார் 30. கண் பார்த்துக் கை செயல்பட ஒரு நொடி, அதில் 15 மீட்டர் போய்விடும். அன்றைய பனியில் எனக்குத் தெரிந்தது இருபது மீட்டர் இருந்தால் அதிகம். பார்க்கிற தூரத்துக்குள் நிற்க முடியாத வேகம் அது. இதே ஈர ரோட்டில் 30-இல் போயிருந்தால் பிரேக் தூரம் ஒன்பது மீட்டர்தான். வேகம் பாதியானால் தூரம் கால்வாசியாகும். பள்ளிக்கூடத்தில் படித்த சூத்திரம், பரீட்சையில் மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

ஏன் 55? கிளையண்ட் கால். இங்கே முடித்திருந்தால் வசதியாக இருந்திருக்கும், பழி சிட்னிக்குப் போயிருக்கும். ஆனால் ஐந்தாவது 'ஏன்' மிச்சம் இருந்தது. மெதுவாகப் போகச் சொன்ன பிறகும் ஏன் குறைக்கவில்லை?

எனக்கு அந்த ரோடு தெரியும். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் மிதித்த ரோடு. எந்தக் குழி எங்கே, எந்தப் புளியமரத்தடியில் எப்போதும் ஈரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். டிராக்டர் அந்த மண்ணை முந்தின நாள்தான் போட்டது. எனக்குத் தெரிந்த ரோட்டில் அது இல்லை.

இன்றைக்கும் வாரம் மூன்று நாள் சரவணம்பட்டிக்கு பைக்கில்தான் போகிறேன். சத்தி ரோடு, பழைய எண்ணில் தேசிய நெடுஞ்சாலை 209, இப்போது 948. கணேசபுரம், கோவில்பாளையம், குரும்பபாளையம் என்று அதே ஊர்கள்தான், ஆனால் மார்கழியில் ரோடு தினம் வேறாக இருக்கிறது. அன்னூர் நால்ரோட்டில் லாரிகள் திரும்பும் இடத்தில் டீசல் சிந்தி, ஈரத்தில் வானவில் மாதிரி மின்னும். கொட்டுகிற மழையைவிடத் தூறல் ஆபத்து. நல்ல மழை ரோட்டைக் கழுவிவிடும், தூறல் பல நாள் எண்ணெயையும் புழுதியையும் குழைத்து மேலே கொண்டுவந்து விட்டுவிடும். மழை பிடித்த முதல் அரைமணி நேரத்தை டீக்கடையில் கழிப்பது நல்லது. வெள்ளைக் கோடு ஈரத்தில் சோப்பு மாதிரி. தை பிறந்தால் கிராமத்து ரோடுகளில் கொள்ளுச்செடியைப் பரப்பிவிடுவார்கள், வண்டிகள் ஏறி ஏறி மணி உதிரட்டும் என்று. உதிர்ந்த கொள்ளு, சைக்கிள் பேரிங் குண்டுகளைத் தார்மேல் கொட்டியதற்குச் சமம்.

ஜெர்மனியில் எங்கள் டீமில் ஒருவர் பைக் ஓட்டுபவர். பவேரியக் காட்டில் வருடாவருடம் கடுங்குளிரில் பனியில் பைக்காரர்கள் கூடாரம் போட்டுத் தங்கும் 'எலிஃபண்டன்ட்ரெஃபன்' என்ற கூட்டம் 1956-இல் தொடங்கியது. யானைகளின் சந்திப்பு என்று பொருள், அந்தக் காலத்தில் யானை என்று பட்டப்பெயர் பெற்ற ஒரு பைக்கை வைத்து வந்த பெயர். அவர் அதற்குப் போகிறவர். உறைந்த ரோட்டில் எப்படி ஓட்டுவாய் என்று கேட்டேன். "எதையும் திடீரென்று செய்ய மாட்டேன்" என்றார். பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் கிளட்ச்சும் ஹேண்டிலும் எல்லாமே அப்படித்தானாம். நம் ஊர் 17, 18 டிகிரிக்கும் அதுவே போதும் என்று தோன்றியது. முன்னால் போகிறவரிடம் தள்ளியே இருப்பது, வளைவுக்கு முன்பே கியரைக் குறைப்பது, கை விறைத்தால் நிறுத்தித் தேய்த்துக்கொள்வது. வழுக்கும்போது என்ன செய்வது என்று கேட்டால் பதில் சின்னதுதான். செய்ய வேண்டியதெல்லாம் அதற்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டும்.

பழைய வண்டியைக் கொடுத்துவிட்டேன். 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது பைக்கிலும் 2019 ஏப்ரலிலிருந்து ஏபிஎஸ் கட்டாயம். இப்போதைய வண்டியில் அது இருக்கிறது. சக்கரம் பூட்டப் போவதைக் கண்டுபிடித்துப் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும். என் கைக்கு வராத நிதானம் அதற்கு இருக்கிறது. ஆனால் குழைந்த மண்ணில் அதுவும் ஓரளவுக்குத்தான்.

விழுந்த பிறகு அம்மா என் பைக்கில் ஏறவே இல்லை. கோயிலுக்கு பஸ், ஆட்டோ, இல்லாவிட்டால் வீட்டிலேயே கும்பிடு. போன மார்கழியில் ஒரு நாள் அவராகவே, "வண்டியில போலாமா?" என்றார். ஹெல்மெட் கொடுத்தேன். "பூ நசுங்குது" என்று சலித்துக்கொண்டே போட்டுக்கொண்டார்.

30-இல் போனேன். பனி அன்றைக்கு மாதிரியேதான். அந்த வளைவுக்கு முன் கியரைக் குறைத்தேன்.

"அம்மா, அன்னிக்கு நாய் ஒண்ணும் வரல."

"தெரியும் சாமி. பின்னாடி உக்காந்திருந்தவளுக்குத் தெரியாதா?"

"பொறவு ஏன் நீயும் நாய்னே சொன்னே?"

"ஊருல ஆளாளுக்கு உன்னைய வையறத நான் கேட்டுக்கிட்டு இருக்கோணுமா? நாயைச் சொன்னா அது வந்து இல்லைன்னா சொல்லப்போகுது?" கொஞ்ச தூரம் போனபின் சொன்னார். "மாட்டைக் குடுத்ததுதான் மனசுக்கு ஆகல."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஓட்டினேன்.

கோயில் வாசலில் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருவர், "கை இன்னும் வலிக்குதுங்களா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான், "நான்தானுங்க்கா அன்னிக்கு வேகமாப் போயிக் கீழ போட்டுட்டேன்" என்றேன்.

அந்த அக்கா குழப்பமாக அம்மாவைப் பார்த்தார். "நாய்னு சொன்னீங்க?"

அம்மா பூக்கூடையைக் கை மாற்றிக்கொண்டு, "அதுவும் ஒண்ணு இருந்துச்சுங்" என்றார்.