முப்பத்திரண்டு வீடுகளுக்கு ஒரு வாசகம்

அன்பு நிறைந்த அண்ணாச்சி அவர்களுக்கு,

ஜெர்மனி தேசத்தின் கிழக்கு எல்லையில், போலந்தும் செக் நாடும் அருகருகே வந்து தொடுகிற மூலையில், ஹெர்ன்ஹூட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. டிரெஸ்டனில் குடியிருக்கிற நான், ரயிலும் பேருந்துமாக மாறி அவ்வூருக்குப் போய்வருவதை இந்நாட்டில் எனக்குக் கிடைத்த பெரிய பாக்கியங்களில் ஒன்றாக எண்ணுகிறேன். 2024ஆம் ஆண்டில் அவ்வூரை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தபின் அங்கே வருகிற பிரயாணிகளின் தொகை கூடியிருக்கிறது. கிறிஸ்துமஸ் காலத்தில் ஐரோப்பா முழுவதும் ஜன்னல்களில் தொங்குகிற காகித நட்சத்திரம் அங்கேதான் செய்யப்படுகிறது என்பதற்காக வருகிறவர்களும் உண்டு. ஆனால் நான் உங்களுக்கு எழுத விரும்புவது கட்டடங்களைப் பற்றியோ நட்சத்திரத்தைப் பற்றியோ அல்ல. ஒரு சிறிய சபையார், தினந்தோறும் ஜெபிப்பதையும் ஒருவரையொருவர் தேற்றித் திடப்படுத்துவதையும், எவ்விதம் முந்நூறு ஆண்டுகளாக விடாமல் காத்துவந்திருக்கிறார்கள் என்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

இன்றைய செக் நாட்டின் மொராவியாப் பகுதியில் தங்கள் விசுவாசத்தின் நிமித்தம் துன்புறுத்தப்பட்ட சில குடும்பங்கள், இரவோடிரவாக எல்லை கடந்து சாக்ஸனிக்கு வந்து, சின்சென்டார்ஃப் என்ற இளம் பிரபுவின் நிலத்தில் தஞ்சம் புகுந்தன. 1722ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் தேதி, கிறிஸ்டியான் டேவிட் என்ற தச்சர் முதல் மரத்தை வெட்டிச் சாய்த்தார். அன்று பிறந்தது அவ்வூர். அகதிகளாய் வந்தவர்கள் என்பதால் அவர்கள் ஆரம்பத்திலிருந்தே ஒருமனப்பட்டு வாழ்ந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பல இடங்களிலிருந்து பல கொள்கைகளோடு வந்துசேர்ந்த அந்த ஜனங்கள், ஐந்தே ஆண்டுகளில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிரியப்படாத அளவுக்குப் பிரிந்து நின்றார்கள். 1727ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரபு வீடு வீடாகப் போய்ப் பேசி, எல்லாரும் ஒப்புக்கொள்ளத்தக்க ஓர் உடன்படிக்கையை ஏற்படுத்தினார். ஆகஸ்ட் 13ஆம் தேதி பக்கத்துக் கிராமமான பெர்தெல்ஸ்டார்ஃபின் ஆலயத்தில் நடந்த திருவிருந்து ஆராதனையில், பகைத்தவர்கள் கண்ணீரோடு ஒப்புரவானார்கள் என்று அச்சபையின் சரித்திரம் சொல்லுகிறது.

உணர்ச்சிப் பெருக்கோடு நிகழ்ந்த இத்தகைய எழுப்புதல்கள் நம் பக்கத்திலும் உண்டு. அவற்றின் நினைவு மட்டும் மிஞ்சி, ஜெபம் போய்விட்ட சபைகளையும் நாம் அறிவோம். ஹெர்ன்ஹூட்டின் விசேஷம் ஆகஸ்ட் 13 அல்ல, அதற்கு இரண்டு வாரம் கழித்து அவர்கள் செய்த காரியம் என்பது என் திடமான அபிப்பிராயம். 24 சகோதரரும் 24 சகோதரிகளும் முன்வந்து, நாளின் 24 மணி நேரத்தையும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டு, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும், தத்தம் இடத்தில் தனித்தனியே இருந்து, சபைக்காக ஜெபிப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். தறியில் உட்காருகிறவரும், குழந்தைக்குப் பாலூட்டுகிறவளும், மரம் அறுக்கிறவரும் அந்த முறையில் இருந்தார்கள். அவ்வேற்பாடு நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இன்னதற்காக ஜெபிக்க வேண்டும் என்பதும் பொதுப்படையாக விடப்படவில்லை; யார் வியாதிப்பட்டிருக்கிறார், யார் பிரயாணத்தில் இருக்கிறார், யாருக்கு மனத்தாங்கல் என்பவையெல்லாம் ஜெபிக்கிறவர்களுக்குத் தெரிவிக்கப்பட்டன. பெயரும் முகமும் தெரியாமல் செய்கிற ஜெபம் சீக்கிரத்தில் வெறும் சொற்களாய்ப் போய்விடும் என்பதை அந்த எளிய ஜனங்கள் அறிந்திருந்தார்கள்.

மறு ஆண்டு, அதாவது 1728ஆம் ஆண்டு மே 3ஆம் தேதி மாலையில், பாட்டு ஆராதனையின் முடிவில் பிரபு மறுநாளைக்கென்று ஒரு வாக்கியத்தைச் சபையாருக்குக் கொடுத்தார். அதுமுதல் தினமும் ஒரு வாக்கியம் என்பது வழக்கமாயிற்று. அப்போது ஊரில் இருந்தவை 32 வீடுகள். விடிந்ததும் ஒரு சகோதரர் அந்த 32 வீடுகளுக்கும் நடந்து, ஒவ்வொரு வாசலிலும் அன்றைய வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வருவார்; சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடாமல், வீட்டார் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்து, சுகவீனத்தையும் துக்கத்தையும் குறைவையும் சபைக்கு அறிவிப்பதும் அவர் பொறுப்பாயிருந்தது. இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வேதவசனத்தைச் சொல்லப் போன கால்களே வீட்டின் கஷ்டத்தையும் அறிந்து திரும்பின. ஆறுதல் என்பது வாசலில் வந்து நின்ற ஒரு மனிதராயிற்று.

1731ஆம் ஆண்டுக்கு இவ்வாக்கியங்கள் முதன்முறையாக ஒரு புத்தகமாக அச்சாயின. அன்றுமுதல் இன்றுவரை ஓர் ஆண்டுகூடத் தவறாமல் அப்புத்தகம் வந்துகொண்டிருக்கிறது. இங்கே அதை ‘லோசுங்கன்’ என்று அழைக்கிறார்கள். பழைய ஏற்பாட்டிலிருந்து தெரிந்தெடுத்த ஏறத்தாழ 1,800 வாக்கியங்கள் ஹெர்ன்ஹூட்டில் சீட்டுகளாக வைக்கப்பட்டிருக்கின்றன; ஆண்டுக்கொரு முறை, மூன்று ஆண்டுகளுக்குப் பிந்திய புத்தகத்துக்காக, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சீட்டு எடுக்கிறார்கள். அதற்கு ஒத்து வருகிற புதிய ஏற்பாட்டு வாக்கியத்தைப் பின்பு ஆராய்ந்து தெரிந்தெடுத்து, அதன் கீழே ஒரு பாட்டின் அடியையோ சிறு ஜெபத்தையோ சேர்க்கிறார்கள். இப்போது ஏறத்தாழ அறுபது பாஷைகளில் இப்புத்தகம் வெளிவருகிறது.

நம் சபைகளில் டிசம்பர் 31ஆம் தேதி இரவு ஆராதனை முடிந்ததும், தட்டில் பரப்பியிருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம் அல்லவா? அதை நினைத்துக்கொண்டுதான் நானும் இப்புத்தகத்தை முதலில் கையில் எடுத்தேன். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், இரண்டு பேதங்களை நான் காண்கிறேன். நம் அட்டையில் ஆசீர்வாதம் மட்டுமே உண்டு. இவர்களுடைய சீட்டிலோ கண்டிப்பும் புலம்பலும் எச்சரிப்பும் வருகின்றன, பிரியமில்லாத வாக்கியம் விழுந்தாலும் அன்றைக்கு அதுவே வாக்கியம். அதைவிடப் பெரிய பேதம் ஒன்று: நம் அட்டை எனக்கென்று எனக்கு விழுந்தது, இவர்களுடைய வாக்கியம் எல்லாருக்கும் ஒரே வாக்கியம். ஆகவே அதைக் கொண்டு என் வியாபாரம் செழிக்குமா, என் மகளுக்கு வரன் அமையுமா என்று குறி பார்க்க இடமில்லை. சிலர் அப்படியும் பார்க்கிறார்கள் என்பதை நான் மறைக்கவில்லை. அது வேதத்தை ஜாதகமாக்குகிற செயல் என்று இச்சபையின் மூப்பர்களே கண்டித்துச் சொல்லுகிறார்கள், நானும் அவ்வாறே எண்ணுகிறேன்.

அப்புத்தகம் ஒரு வீட்டில் எப்படிப் புழங்குகிறது என்பதைச் சொல்லாவிட்டால் இம்மடலுக்குப் பொருளில்லை. ஹெர்ன்ஹூட்டில் எனக்கு அறிமுகமான வயது முதிர்ந்த சகோதரி ஒருவர் இருக்கிறார், தனியே வாழ்கிறவர். அவர் வீட்டில் காலை உணவுக்கு உட்கார்ந்தால், ரொட்டிக் கூடைக்கும் வெண்ணெய்த் தட்டுக்கும் நடுவில் நீல அட்டை போட்ட அந்தச் சிறு புத்தகம் இருக்கும். எவரும் ரொட்டியைத் தொடுமுன் அன்றைய இரண்டு வாக்கியங்களையும் அவர் உரக்க வாசிப்பார். அதற்கு வியாக்கியானம் ஒன்றும் செய்வதில்லை. வாசித்து முடித்ததும் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிற பெயர்களைப் பார்ப்பார்: ஒரு பெயரின் பக்கத்தில் சிறு நட்சத்திரக் குறி, அன்று பிறந்தநாள்; இன்னொன்றின் பக்கத்தில் சிலுவைக் குறி, அன்று மரித்தவர்; குறி இல்லாமல் எழுதப்பட்டவை அன்று அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர், பரீட்சை எழுதுகிறவர், வழக்குக்காகக் கோர்ட்டுக்குப் போகிறவர். அப்பெயர்களைச் சொல்லி இரண்டு மூன்று வாக்கியங்களில் ஜெபித்து ஆமென் என்பார். பின்பு காப்பி ஊற்றுவார். உணவு முடிந்ததும் டெலிபோனை எடுத்து, அன்றைய பெயர்களில் ஒருவரை அழைத்து, வாசித்த வாக்கியத்தை அவருக்கும் சொல்லி, உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். ஊருக்குள் நடமாட முடியாத அந்த முதிய வயதிலும், வீடு வீடாகப் போன பழைய சகோதரரின் ஊழியத்தை அவர் நாற்காலியில் இருந்தபடியே செய்துவருகிறார். ஒரு நாள் அந்த ஓரத்தில் என் தாயாரின் பெயரைக் கோணலான எழுத்தில் கண்டேன். ‘ஊரில் அம்மாவுக்கு மூச்சுத் திணறல்’ என்று எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். எங்கோ பாளையங்கோட்டையில் இருக்கிற, தாம் ஒருபோதும் கண்டிராத ஒரு ஸ்திரீக்காக அவர் பல வாரங்களாய் ஜெபித்துவந்திருக்கிறார். பரதேசத்தில் வாழ்கிறவனுக்கு இதைவிட வேறு என்ன தேறுதல் வேண்டும், அண்ணாச்சி?

பரதேசம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1732ஆம் ஆண்டில் இவ்வூரிலிருந்து இரண்டு பேர் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்குச் சுவிசேஷம் சொல்லப் புறப்பட்டார்கள். மறு ஆண்டு கிரீன்லாந்துக்குச் சிலர் போனார்கள். கடிதம் போய்வர மாதக்கணக்காகும் அக்காலத்தில், பனியில் இருக்கிறவனும் கரும்புத் தோட்டத்தில் இருக்கிறவனும் ஊரில் இருக்கிற அவன் தாயும் ஒரே நாளில் ஒரே வாக்கியத்தை வாசிக்கிறார்கள் என்ற நிச்சயம் மட்டும் அவர்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது. பிற்காலத்தில் ஜெர்மனி இரண்டாகப் பிளவுண்டு, பெர்லினில் மதிலும் எழும்பியபோது, பிரிந்துபோன குடும்பங்களின் இரு பாதிகளும் மதிலின் இரு பக்கமும் அதே வாக்கியத்தையே வாசித்தன. ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்ததற்காக டீட்ரிஷ் போன்ஹோஃபர் என்ற போதகர் பெர்லினில் சிறைப்பட்டிருந்த காலத்தில், தம் நண்பருக்கு எழுதிய கடிதங்களில் இவ்வாக்கியங்களைத் திரும்பத் திரும்பக் குறிப்பிடுகிறார். 1944ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி ஹிட்லரைக் கொல்ல எடுத்த முயற்சி தோற்று, தமக்கு நம்பிக்கையற்றுப்போன மறுநாள் எழுதிய கடிதத்திலும் அவை இடம்பெறுகின்றன. சிறைக்கு வெளியே இருந்த நண்பரும் அதே நாளில் அதே வரியை வாசித்திருப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

நம் கடற்கரைக்கும் இவ்வூருக்கும் உள்ள சம்பந்தம் பலருக்குத் தெரியாது. சின்சென்டார்ஃப் பிரபு சிறுவனாக ஹாலே நகரத்துப் பள்ளியில் படித்த காலத்திலேதான், தரங்கம்பாடியில் மிஷனெரியாயிருந்த சீகன்பால்கு ஐயர் விடுமுறையில் ஐரோப்பாவுக்கு வந்து ஹாலேயில் தங்கினார். மலையப்பன் என்ற தமிழ் வாலிபரும் அவருடன் வந்திருந்தார். தூர தேசத்து ஊழியத்தைப் பற்றிய ஆசை சிறுவன் சின்சென்டார்ஃபின் மனத்தில் விதைக்கப்பட்டது அங்கேதான். 1760ஆம் ஆண்டில் ஹெர்ன்ஹூட் சபையாரான மொராவிய சகோதரர்களே தரங்கம்பாடிக்கு வந்து, பொறையாற்றின் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் குடியேறி, தங்கள் கைத்தொழிலால் பிழைத்துக்கொண்டு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார்கள். நிக்கோபார் தீவுகளில் ஊழியம் செய்யப் போன பலரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று; தரங்கம்பாடியில் முன்பே இருந்த ஹாலே மிஷனெரிகளும் அவர்களை நல்ல கண்ணால் பார்க்கவில்லை. அவர்கள் நம் நாட்டில் பெரிய சபை எதையும் ஸ்தாபித்துவிட்டுப் போகவில்லை. ஆயினும் அந்த நாற்பது ஆண்டுகளின் காலைகளிலும், பொறையாற்றுத் தோட்டத்தில், ஹெர்ன்ஹூட்டில் வாசித்த அதே வாக்கியத்தை வாசித்துத்தான் அவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள் என்று எண்ணும்போது, அந்தக் கரையின் காற்று எனக்கு இன்னும் சொந்தமாகிறது.

ஊரில் இரண்டு இடங்களை நீங்கள் பார்க்க வேண்டும் என்பேன். ஒன்று சபைக் கூடம்: 1945ஆம் ஆண்டு மே மாதத்தில் யுத்தத்தின் கடைசி நாட்களில் எரிந்து, பின்பு மறுபடியும் கட்டப்பட்டது, வெள்ளைச் சுவர், வெள்ளை வாங்குகள், பீடமும் பிரசங்க மேடையும் இல்லாமல் ஒரு மேஜை மட்டும். அங்கே நடக்கிற அன்பின் விருந்தில் சபையார் வாங்குகளில் இருந்தபடியே தேநீரும் இனிப்பு ரொட்டியும் பகிர்ந்து, பாடி, தூர இடங்களின் செய்திகளைக் கேட்கிறார்கள். நம் அசனப் பண்டிகையின் சோறும் குழம்பும் இல்லாவிட்டாலும் அதே சந்தோஷம்தான். இன்னொன்று, குன்றின் மேலுள்ள கல்லறைத் தோட்டம்: ஏழை, செல்வன் என்ற பேதமில்லாமல், தரையோடு தரையாக ஒரே அளவான கற்கள். மரித்தவர் உயிரோடிருக்கும்போதே எழுதிவைத்த தம் ஜீவிய சரித்திரத்தை அடக்க ஆராதனையில் வாசிப்பது இவர்களுடைய வழக்கம். அவ்விதமான ஆயிரக்கணக்கான சரித்திரங்கள் ஊரின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

இங்கேயும் வாலிபர் வேலை தேடி மேற்கே போய்விடுகிறார்கள். சில ஆராதனைகளில் நரைத்த தலைகளே மிகுதி. ஆனாலும் அன்றாட வாக்கியம் மட்டும் நிற்கவில்லை. அதற்குக் காரணம், அது ஒருவருடைய உற்சாகத்தை நம்பியிராமல் ஓர் ஒழுங்கை நம்பியிருப்பதும், அந்த ஒழுங்கு ஒவ்வொரு நாளும் ஒரு மனிதரின் பெயரில் போய் முடிவதுமே என்று நான் விசுவாசிக்கிறேன்.

நீங்கள் சேகரக் கமிட்டியில் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் ஒரு காரியத்தை முன்வைக்கும்படி உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஆலயத்துக்கு வர இயலாமல் வீட்டோடு இருக்கிற முதியோர், வியாதியஸ்தர், விதவைகள் ஆகியோரின் பெயர்களைத் தெருவாரியாக எழுதி, தெருவுக்கு இரண்டு வாலிபரை நியமியுங்கள். காலையில் அவர்கள் ஒரு வாக்கியத்தோடு அவ்வாசல்களில் போய் நிற்கட்டும், சாப்பிட்டீர்களா, மருந்து இருக்கிறதா என்று கேட்டுத் திரும்பி வந்து, கேட்டதை ஐயரிடம் சொல்லட்டும். பணம் செலவில்லை, புதிய கட்டடம் வேண்டாம். நம் தெருக்களிலிருந்தே தொடங்குங்கள், அண்ணாச்சி. முதல் பட்டியலில் என் தாயாரின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.