இரண்டாவது சிடியைப் போடவும்

இப்போது வரும் லேப்டாப்பில் சிடி தட்டே கிடையாது. அதனால் அந்தப் படபடப்பும் போய்விட்டது. தட்டு உள்ளே போகும், ட்ரைவ் உறுமும், ஓயும், மறுபடி உறுமும். கேம் திறக்கப்போகிறதா, சரியான சிடியைப் போடு என்று விரட்டப்போகிறதா என்பது அந்த இரண்டாவது உறுமலில் தெரிந்துவிடும்.

ஜிடிஏ வைஸ் சிட்டி 2003-ல் கம்ப்யூட்டருக்கு வந்தது. மொத்தம் இரண்டு சிடி. எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிய பிறகும் இரண்டாவது சிடி ட்ரைவில் இருந்தால்தான் ஓடும். காவலுக்கு நின்றது சேஃப்டிஸ்க் என்ற பூட்டு. அதன் முதல் பதிப்புகளில் அசல் சிடியிலேயே வேண்டுமென்று படிக்க முடியாத பகுதிகளை வைத்தார்கள். பிறகு, வீட்டு ரைட்டர்கள் எழுதத் திணறும் பிட் வரிசைகளைச் சேர்த்தார்கள். நகல் எடுத்தால் கேம் மொத்தமும் வந்துவிடும், அந்தக் கோளாறு மட்டும் வராது. கோளாறு இருந்தால் அசல், இல்லையென்றால் போலி! யோசித்தவர் குறும்புக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

சென்னையின் ரிச்சி தெருவிலும் பர்மா பஜாரிலும் பிளாஸ்டிக் உறையில் விற்ற சிடிக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. உள்ளே ‘க்ராக்’ என்றொரு ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ள எக்ஸி ஃபைலை எடுத்துப் பழையதன் மேல் பேஸ்ட் செய்தால் முடிந்தது. சிடி எங்கே என்று கேட்கும் பகுதியை யாரோ அதிலிருந்து கத்தரித்திருப்பார்கள். “ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிட்டுப் போடுடா” என்பார் விவரம் தெரிந்த ஏதாவது ஒரு அண்ணன். சீரியல் நம்பர் கேட்கும் கேமுக்குக் கீஜென், அதாவது அந்த நம்பரை உருவாக்கித் தரும் குட்டி ப்ரோகிராம். திறந்ததும் கணீரென்று ஒரு மின்னணு மெட்டு வாசிக்கும். திருட்டுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் திருட்டுச் சாவிக்கு மெட்டுப் போட்டுக் கொடுத்தவனின் ரசனையை என்னவென்று சொல்வது?

எனக்குப் பெரிய ஏக்கம் அதற்கும் முந்தைய பூட்டுகள் மேல்தான். 1990-ல் வந்த ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ பெட்டியில் அட்டைச் சக்கரம் ஒன்று இருந்தது. திரையில் தெரியும் கடற்கொள்ளையனின் முகம் அமையும்வரை அதைத் திருப்பி, அவன் இன்ன ஊரில் தூக்கிலிடப்பட்ட ஆண்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். 1989-ன் சிம்சிட்டியோடு, அது கேட்கும் கேள்விக்கு விடை உள்ள ஒரு தாள் அடர் சிவப்பில் வந்தது. ஜெராக்ஸ் எடுத்தால் படிக்க முடியக் கூடாது என்பதற்குத்தான் அந்த நிறம். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் டாஸ் பதிப்பில் ஒரு குப்பி அறை. கையேட்டின் இந்தப் பக்கத்தில், இந்த வரியில், இந்தச் சொல்லின் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடிக்க வேண்டும். மாற்றிக் குடித்தால் உயிர் குறையும். பூட்டே விளையாட்டில் ஒரு கட்டமாகிவிட்ட காலம். ஒருவர் கையேட்டைப் புரட்ட, இன்னொருவர் ஓட, இரண்டு பேர் சேர்ந்து திறந்த பூட்டு.

பூட்டும் சாவியும் ஒரே அறையில் இருந்தன. அதனால் நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம், விற்கலாம். ஆனால் 2008-ல் ஸ்போர் என்ற கேம் வந்தபோது செக்யூரோம் பூட்டு இணையத்தில் அனுமதி கேட்டது, அதுவும் மூன்று கம்ப்யூட்டருக்கு மட்டும். காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தார்கள். இன்றைக்குச் சாவி எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் நம் கையில் மிஞ்சுவது ரசீதுதான்.

பழைய அசல் சிடிக்கும் நல்ல கதி இல்லை. சேஃப்டிஸ்க்குக்குத் தேவையான ட்ரைவர் பாதுகாப்புக்குக் கேடு என்று 2015-ல் விண்டோஸ் 10 அதைச் சேர்க்காமல் விட்டது. ஆக, கடையில் காசு கொடுத்து வாங்கிய சிடி திறக்காது, க்ராக் போட்டது திறக்கும்.

உங்கள் பரணில் பழைய கேம் பெட்டி ஏதாவது கிடந்தால் சிடியை மட்டும் உருவிக்கொண்டு மற்றதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கையேடு, சக்கரம், சீரியல் நம்பர் ஒட்டிய உறை எல்லாவற்றையும் சேர்த்தே வையுங்கள்.